கடைசிப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சூப்பர்ஹீரோ படங்களின் மூன்றாம் பாகங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூன்றாம் பாகம் என்றாலே சறுக்கல்தான் என்று கட்டுரையாளர் முடிவு கட்டிவிட்டார், அதற்கு முதல் சாட்சியாகக் கிறிஸ்டோபர் நோலனின் மூன்றாவது பேட்மேன் படமான ‘தி டார்க் நைட் ரைசஸ்’ படத்தைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். அவர் சொல்லும் முக்கியக் காரணம் ஒன்றுதான்: இதில் இரண்டாம் படத்து வில்லன் ஜோக்கர் இல்லை, புது வில்லன் பேன் ஜோக்கருக்கு ஈடாகவில்லை, ஆகவே படம் ஒரு படி கீழே. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் படம் பார்க்காதவர்கள் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், ஏனென்றால் முடிவு வரை எல்லாவற்றையும் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2012 ஜூலையில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். நாலு வருடமாக மண்டைக்குள் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டாவது படம் ‘தி டார்க் நைட்’ 2008 ஜூலையில் வந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை, அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார், அடுத்த ஆண்டு துணை நடிகருக்கான ஆஸ்கர் அவர் பெயருக்கு வந்தபோது குடும்பத்தார்தான் மேடையேறி வாங்கினார்கள். அப்படி ஒரு நடிப்பைப் பார்த்த கண்ணோடு போய் உட்கார்ந்தால் அடுத்து யார் வந்தாலும் குறையாகத்தான் தெரியும். மூன்றாவது படத்தில் ஜோக்கர் என்ற பெயரைக்கூட யாரும் உச்சரிப்பதில்லை. அன்று அதைக் குறையாக நினைத்தேன், இன்று அதைவிட மரியாதையான ஒரு முடிவை அந்த இடத்தில் எடுத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

என் எண்ணம் மாறியதற்குக் காரணம் என் தங்கை. அவள் இந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சரி, உட்கார் என்று சொல்லி மூன்று இரவுகளில் மூன்றையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். எனக்கு ஏழு வருடத்தில் வந்து சேர்ந்த கதை அவளுக்கு மூன்று நாளில் வந்தது. இரண்டாம் நாள் படம் முடிந்ததும் நான் ஜோக்கரைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு. “அந்த லெட்டரை எதுக்குண்ணா அந்தப் பெரியவர் எரிச்சாரு? அது பாவம் இல்லையா?” என்றாள். மூன்றாம் நாள் அந்தக் கடிதம் திரும்ப வந்தது. “நேத்தே சொன்னேன்ல” என்று என் தோளில் ஒரு அடி அடித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் இத்தனை வருடமும் இந்தப் படத்தைத் தவறான படத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தேன் என்று.

‘தி டார்க் நைட்’ முடியும் அந்தக் கடைசி நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். ஊரே நம்பியிருந்த அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் கொலைகாரனாக மாறிச் செத்துக் கிடக்கிறான். ஊர் நம்பிக்கை இழந்துவிடக் கூடாது என்று அவன் செய்த கொலைகளை பேட்மேன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான், போலீஸ் அதிகாரி கோர்டன் அந்தப் பொய்க்கு ஒத்துக்கொண்டு மேடையில் டென்ட்டைப் புகழ்ந்து பேசுகிறார். அதே நேரத்தில் இன்னொரு இடத்தில், முகமூடிக்குள் பேட்மேனாக இருக்கும் புரூஸை வளர்த்த வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் ஒரு கடிதத்தைக் கொளுத்துகிறார். புரூஸ் காதலித்த ரேச்சல் சாவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்தது, புரூஸை விட்டு டென்ட்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொல்கிற கடிதம். அவர் அதை முதலில் காலை உணவுத் தட்டில்தான் வைக்கிறார், பிறகு புரூஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நைசாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறார், கடைசியில் எரித்துவிடுகிறார். ஊருக்கு ஒரு பொய், வீட்டுக்கு ஒரு பொய். இரண்டும் அன்பினால் சொன்ன பொய்கள், ஹான்ஸ் ஸிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும் போட்ட இசை பின்னால் எழும்ப எழும்ப நாமும் சிலிர்த்துப்போய்க் கைதட்டினோம். நானும் தட்டியிருக்கிறேன்.

மூன்றாவது படம் அந்தக் கைதட்டலைத்தான் திரும்பிக் கேட்கிறது. கதை எட்டு வருடம் கழித்துத் தொடங்குகிறது. டென்ட் பெயரில் சட்டம், டென்ட் பெயரில் ஒரு நாள், ஊர் அமைதியாக இருக்கிறது. அந்த அமைதிக்கு அடியில் இருப்பது பொய் என்று தெரிந்த கோர்டன் உண்மையை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறார், படிக்க மனம் வராமல் மடித்து வைத்துவிடுகிறார். அந்தக் காகிதம் பேனின் கையில் சிக்குகிறது. அவன் டென்ட்டின் படத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, சிறைச்சாலை வாசலில் நின்று, கோர்டனின் வார்த்தைகளையே உரக்கப் படிக்கிறான். வில்லன் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் வெடிகுண்டு என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். இல்லை, அந்தக் காகிதம்தான். நல்லவர்கள் மறைத்த உண்மையைக் கெட்டவன் வந்து சொல்கிறான், அதனால் அது உண்மையாக இருந்தும் விஷமாகிவிடுகிறது. இதை இரண்டாவது படத்தால் சொல்லியிருக்கவே முடியாது, ஏனென்றால் அந்தப் பொய்யை விதைத்ததே அதுதான்.

வீட்டுப் பொய்யின் கணக்கு இன்னும் நெருக்கமாகத் தீர்கிறது. புரூஸ் மறுபடி முகமூடி போடக் கிளம்புகிறார், இந்த முறை சாகத்தான் போகிறார் என்று ஆல்ஃபிரட்டுக்குத் தெரிகிறது. தடுக்க அவரிடம் மிச்சம் இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். ரேச்சல் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதை எழுதிக் கொடுத்தாள், நான் எரித்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறார். மைக்கேல் கெய்ன் அந்த இடத்தில் குரலை உயர்த்தவே மாட்டார். கண் மட்டும் கலங்கி, சொன்னால் இந்தப் பிள்ளை தன்னை வெறுத்துவிடும் என்று தெரிந்தே ஒவ்வொரு வார்த்தையாகக் கீழே வைப்பார். புரூஸ் விடை கொடுத்துவிடுகிறார், சண்டை இல்லை, கதறல் இல்லை. அப்புறம் வருகிற காட்சியில் வாசல் மணி அடிக்கிறது, கதவைத் திறக்க ஆளில்லை, புரூஸே போய்த் திறக்கிறார், வெளியே நிற்கும், அவருடைய கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் லூசியஸ் ஃபாக்ஸ் அதை ஆச்சரியமாகக் கவனிக்கிறார். அவ்வளவுதான். ஒரு மனிதர் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார் என்பதைச் சொல்ல ஒரு கதவு போதும் என்று நினைத்த இயக்குநரைப் பிரமாண்டத்தில் தடுமாறிவிட்டார் என்று ஒரே வரியில் தள்ளுவது எப்படி நியாயம்?

இதெல்லாம் இரண்டாவது படத்தின் பாக்கி. முதல் படத்தின் பாக்கி வேறு இருக்கிறது, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

2005-ல் வந்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ சிறுவன் புரூஸ் பாழுங்கிணற்றில் விழுவதில்தான் தொடங்குகிறது. வௌவால்கள் கூட்டமாக அவன் மேல் பாய்கின்றன. அப்பா கயிற்றில் இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போகிறார், நாம் ஏன் விழுகிறோம், எழக் கற்றுக்கொள்ளத்தான் என்று சமாதானம் சொல்கிறார். அதிலிருந்து அந்தப் படம் முழுக்கப் பயத்தை வெல்வது பற்றித்தான். இப்போது மூன்றாவது படத்துக்கு வாருங்கள். பேன் புரூஸின் முதுகை உடைத்து, வாய் திறந்த ஒரு பெரிய கிணறு போன்ற சிறையில் போட்டுவிடுகிறான். மேலே வானம் தெரிகிறது, ஏறலாம், தடையில்லை, ஆனால் கடைசித் தாவல் முன்பு ஒரே ஒரு குழந்தையைத் தவிர யாருக்கும் எட்டியதில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறார், விழுகிறார். மறுபடி ஏறுகிறார், மறுபடி விழுகிறார். கண் தெரியாத ஒரு கிழவர் சொல்கிறார், உனக்குச் சாவுக்குப் பயமில்லை, அதை பலம் என்று நினைக்கிறாய், அதுதான் உன் பலவீனம், அந்தக் குழந்தை ஏறியது போலக் கயிறில்லாமல் ஏறு என்று.

முதல் படத்தில் காப்பாற்றியது கயிறு. மூன்றாவது படத்தில் விடுதலைக்குத் தடையாக இருப்பதே கயிறு. முதல் படத்தில் பயத்தை விடக் கற்றுக்கொண்டவர் இங்கே பயத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சாவுக்குப் பயப்படுகிறவன்தான் வாழ ஆசைப்படுகிறவன். கயிற்றை அவிழ்த்துவிட்டு அந்த விளிம்பில் நிற்கும்போது சுவர் இடுக்கிலிருந்து வௌவால்கள் வெளியே பாய்கின்றன, சிறுவயதில் பாய்ந்த மாதிரியே. கீழே கைதிகள் ஒரே குரலில் முழங்குகிறார்கள், அதற்கு எழு என்று பொருள் என்று படத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்பா அன்று சொன்ன சொல்லும் அதுதான், படத்தின் தலைப்பும் அதுதான். தாவிப் பிடித்து வெளியே வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் ஒரு நீளமான கயிற்றை எடுத்து உள்ளே இருப்பவர்களுக்காகக் கீழே தள்ளிவிடுவது. அப்பா இறக்கிய கயிற்றை இப்போது மகன் இறக்குகிறான். (அந்த வெளிப்புறக் காட்சியில் பின்னால் தெரியும் கோட்டை ஜோத்பூரின் மெஹ்ரான்கர்.) ஏழு வருடத்துக்கு முன்னால் பார்த்த ஒரு கயிறு முதல் நாள் முதல் காட்சியில் யாருக்கு ஞாபகம் வரும்? விமர்சனம் அன்று மாலைக்குள் எழுதியாக வேண்டும் என்ற அவசரத்தில் இது தப்பிப்போனதை நான் குறை சொல்லவில்லை. இன்று மூன்று படங்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும்போது அதே தீர்ப்பைத் திரும்ப எழுதுவதைத்தான் குறை சொல்கிறேன்.

கோட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் பெற்றோரைப் பறிகொடுத்துவிட்டுக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் சிறுவனின் தோளில் ஒரு சாதாரணப் போலீஸ்காரர் கோட்டைப் போர்த்துகிறார். அவர்தான் கோர்டன். மூன்றாவது படத்தில் வெடிகுண்டைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு பறப்பதற்கு முன், நீ யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா என்று கோர்டன் கேட்க, பேட்மேன் பெயரைச் சொல்வதில்லை, அந்தக் கோட்டைச் சொல்கிறான். அவ்வளவு நாள் தோளோடு தோள் நின்றவன் யார் என்று அந்த மனிதருக்கு அப்போதுதான் தெரிகிறது. கேரி ஓல்ட்மேனின் முகத்தை அந்த இரண்டு மூன்று நொடி கவனியுங்கள்.

குறைகளே இல்லையா என்றால், நிறைய இருக்கின்றன, ஒளிக்கத் தேவையில்லை. பங்குச் சந்தைக் கொள்ளை பட்டப்பகலில் தொடங்கி, கொஞ்ச நேரத் துரத்தலுக்குள் நடு இரவாகிவிடுகிறது. ஊர்ப் போலீஸ் கிட்டத்தட்ட மொத்தமும் மாதக்கணக்கில் சுரங்கத்துக்குள் அடைபட்டுக் கிடந்துவிட்டு வெளியே வந்ததும் அணிவகுப்புக்குப் போவது போல வரிசையாக நின்று, துப்பாக்கி வைத்திருப்பவர்களை நோக்கித் தெருவில் நேராக ஓடுகிறார்கள். பாலங்கள் துண்டிக்கப்பட்ட ஊருக்குள் கையில் காசில்லாத புரூஸ் எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்குப் பதிலே இல்லை. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் பேன் போன்ற ஒருவன் ஒரே வெடியில் ஒரு ஓரத்தில் முடிந்துபோவது எனக்கு இன்றும் உறுத்துகிறது, கூடவே இருந்த தாலியாதான் உண்மையான சூத்திரதாரி என்று தெரிந்ததும் அவன் பாதி ஆளாகிவிடுகிறான். இவற்றுக்கு மதிப்பெண் குறைக்கட்டும், நானும் குறைப்பேன். ஆனால் லாஜிக் ஓட்டைகளை எண்ணுவது வேறு, ஒரு கதை தன் முடிவுக்கு நேர்மையாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது வேறு. முதல் இரண்டு படங்களிலும் ஓட்டை உண்டு, அங்கே நாம் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

பேனை ஜோக்கரோடு நிறுத்துவதும் இப்படித்தான். ஜோக்கருக்குக் கதை கிடையாது, முன்பின் கிடையாது, வருவான், எரிப்பான், சிரிப்பான், அவனை வைத்து எந்தக் கதையையும் முடிக்க முடியாது. பேன் வேறு வேலைக்கு வந்தவன். முதல் படத்தில் புரூஸுக்குப் பயிற்சி கொடுத்து பிறகு பகைவனான ராஸ் அல் குல் விட்டுப்போன வேலையை முடிக்க வந்தவன். டாம் ஹார்டியின் முகத்தில் பாதிக்கு மேல் முகமூடி, அவர் கண்ணையும் நடையையும் வைத்தே ஒரு மனிதனைக் கட்டி எழுப்பியிருக்கிறார். கடைசியில் தாலியா தன் கதையைச் சொல்லும்போது அந்தக் கண்ணில் ஒரு துளி நீர் வரும். அதைப் பார்த்துவிட்டு அவனை வெறும் முரடன் என்று எழுத எனக்கு மனம் வராது.

கட்டுரையாளர் ‘ஸ்பைடர்மேன் 3’ படத்தையும் அதே பட்டியலில் போட்டிருக்கிறார். அங்கே அவரோடு பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன், ஆனால் காரணம் வேறு. 2007-ல் வந்த அந்தப் படத்தில் மூன்று வில்லன்கள் இருந்ததுதான் தப்பு என்பது எல்லோரும் சொல்வது. அந்த மூவரில் ஒருவனான வெனத்தைச் சேர்க்கச் சொல்லித் தயாரிப்புத் தரப்பு வலியுறுத்தியதும், படம் சரியாக வரவில்லை என்று சாம் ரைமியே பின்னால் வெளிப்படையாகச் சொன்னதும் தெரிந்த விஷயம். ஆனால் அதே படத்தில் மணல் மனிதன் பிறக்கும் காட்சியை மறக்க முடியுமா? வசனமே இல்லை. ஒரு மணல் குவியல் மனித உருவம் எடுக்கப் பார்க்கிறது, கை உதிர்கிறது, மறுபடி சேர்கிறது, மகளின் படம் இருக்கும் லாக்கெட்டை எடுக்கப் போனால் விரல் பொடிந்துபோகிறது. எந்தச் சூப்பர்ஹீரோ படத்தின் முதல் பாகத்திலும் இதைவிட நல்ல காட்சி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்தப் படம் உண்மையில் தவறுவது முதல் படத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். தான் தப்பவிட்ட திருடன்தான் மாமாவைக் கொன்றான் என்ற குற்ற உணர்வில்தான் பீட்டர் ஸ்பைடர்மேன் ஆகிறான், 2002-ல் வந்த முதல் படத்தின் உயிரே அதுதான். மூன்றாவது படம் வந்து, சுட்டது அவனில்லை, வேறொருவன் என்கிறது. அதாவது முதல் படத்தில் பட்ட கடனைத் தீர்க்காமல் பத்திரத்தையே திருத்திவிட்டது. இன்னொன்று, அங்கேயும் வீட்டில் ஒரு வயதான பணியாளர் உண்மையை மறைத்து வைத்திருக்கிறார். பீட்டரின் நண்பன் ஹாரியின் அப்பா எப்படிச் செத்தார் என்பது அவருக்கு முன்பே தெரியும். கிளைமாக்ஸுக்குச் சற்று முன்னால், சொல்ல வேண்டிய நேரம் பார்த்துச் சொல்கிறார், ஹாரி உடனே மனம் மாறி நண்பனுக்கு உதவக் கிளம்பிவிடுகிறான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்பதுகூட இல்லை. ஆல்ஃபிரட் உண்மையைச் சொல்லி மகனைப் போல வளர்த்தவனை இழந்தார், இவர் சொன்னதால் எதையும் இழக்கவில்லை. இரண்டு மூன்றாம் பாகங்களுக்கும் உள்ள தூரம் எனக்கு இந்த இரண்டு பெரியவர்களிடம்தான் தெரிகிறது.

‘எக்ஸ்மென்’ மூன்றாம் பாகத்தைப் பற்றிக் கட்டுரை சொன்னது எல்லாம் சரி. இரண்டு படங்களாகக் கூடவே வந்த சைக்ளாப்ஸின் சாவைக்கூடக் காட்டாமல் கண்ணாடி மட்டும் காற்றில் மிதந்தால் எந்த ரசிகனுக்குத்தான் மனசு ஆறும்? ஆனால் மூன்றாம் பாகம் என்றாலே சறுக்கல் என்று சொன்னவர் ‘லோகன்’ படத்தை எப்படி மறந்தார்? 2009, 2013, 2017 என்று வந்த, எக்ஸ்மென் நாயகன் வுல்வரினின் தனிப்படங்களில் அது மூன்றாவது. தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம். கடைசியில் அந்தச் சிறுமி அவனுடைய கல்லறைச் சிலுவையைப் பிடுங்கி, சாய்த்து, எக்ஸ் எழுத்தாக நட்டுவிட்டுப் போவாளே, 2000-ல் தொடங்கிய ஒரு பாத்திரத்தின் மொத்தக் கணக்கும் அந்த ஒரு கையசைவில் முடிகிறது.

கட்டுரையாளரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தை ஒரு நாள் பார்க்கட்டும், நடுவில் இருப்பதைத் தொடாமல் மறுநாளே ‘ரைசஸ்’ படத்தைப் பார்க்கட்டும். அப்புறம் ஃபிளாரன்ஸ் நகரத்து உணவகத்தில், வெடிகுண்டோடு செத்துவிட்டதாக நினைத்த புரூஸை ஆல்ஃபிரட் தலை நிமிர்ந்து பார்க்கும் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எழுதட்டும். அது கனவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேட்மேனின் விமானத்தில் இருந்த தானியங்கிப் பறத்தலை யாரோ சரிசெய்திருக்கிறார்கள் என்று ஃபாக்ஸுக்குத் தெரியவருவதும், அதில் புரூஸ் பெயர் இருப்பதும் அதற்குச் சற்று முன்னால்தானே காட்டப்படுகின்றன, எனக்கு அது கனவில்லை. அவருக்கு எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. பதில் வந்தால் தங்கைக்கும் படித்துக் காட்டுவேன், அவள் கனவு என்கிற கட்சி.

அன்புடன்,
உங்கள் வாசகன்